இடி இல்லாத ஒரு நாள்

என் மச்சான் தர்மராஜுக்கு உட்காரத் தெரியாது. நாற்காலி போட்டால் அதன் விளிம்பில் ஒட்டிக்கொள்வார். இரண்டு வார்த்தை பேசுவதற்குள் எழுந்து போய் ஜன்னலைத் திறப்பார், வாசலில் நிற்கும் லாரியின் டயரை உதைத்துப் பார்ப்பார், திரும்பி வந்து, என்ன சொன்னாய் என்று கேட்பார். ரெம்பாவ் பக்கம் ஒரு தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவர். அவர் ஓரிடத்தில் உட்கார்ந்து நான் பார்த்தது லாரி ஓட்டும்போது மட்டும்தான். அப்போதும் லாரி ஓடிக்கொண்டுதானே இருக்கும்.

அவர் என் அக்கா நீலாவதியின் வீட்டுக்காரர். அக்கா இறந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இரண்டாவது பிரசவத்தில் போனாள், அந்தப் பிள்ளையும் தங்கவில்லை. மூத்தவள் விமலா அப்போதுதான் மழலை பேசத் தொடங்கியிருந்தாள். இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லி தோட்டத்து லயத்தில் குடியிருந்தவர்களெல்லாம் அவரைச் சுற்றி வந்தார்கள். அவர் யாருக்கும் பதில் சொல்லாமல் எழுந்து எழுந்து போனார். கடைசியில் சொன்னவர்கள்தான் களைத்துப்போனார்கள்.

நான் சிரம்பானை ஒட்டிய பாரோயில் இருக்கிறேன். அரசாங்க அலுவலகத்தில் கிராணி வேலை. ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்குப் பேப்பரும் தூக்கமும் வேண்டும். அந்த வருஷத்து ஞாயிறுகளையெல்லாம் மச்சான்தான் தின்றார். எதற்கென்றால், டிவி நிகழ்ச்சியைப் பதிவு செய்கிற டிவிடி ரெக்கார்டர் ஒன்று வாங்குவதற்கு.

விமலாவுக்கு ஜொகூரில் மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. தை மாதம் கல்யாணம். நிச்சயம் முடிந்து சாப்பாட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது அவள் அப்பாவிடம் கேட்டாள்.

"அப்பா, அம்மா பேசுனா எப்படி இருக்கும்? போறதுக்கு முன்னாடி ஒரு தடவ கேக்கணும்பா."

மச்சான் கையிலிருந்த குண்டானை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். லாரிக்குப் பக்கத்தில் நெடுநேரம் நின்றார். அப்புறம் உள்ளே வந்து அலமாரியின் மேல்தட்டில் துழாவி, பிளாஸ்டிக் பையில் சுற்றிய வீடியோ கேசட் ஒன்றை எடுத்தார்.

அந்தக் கேசட்டின் கதையைச் சொல்லியாக வேண்டும். விமலாவின் முதல் பிறந்தநாளை, சிரம்பானிலிருந்து ஆள் வரவழைத்து வீடியோ எடுத்தார்கள். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து வீடியோ என்றால் என்ன தெரியுமா? எடுக்கிறவன் படத்தைக் கடைக்குக் கொண்டுபோய், ஆரம்பத்திலிருந்து கடைசிவரை சினிமாப் பாட்டைப் போட்டுத் தருவான். மாமியார் வாயசைப்பாள், காதல் பாட்டு கேட்கும். கிழவர் ஆசீர்வாதம் செய்வார், குத்துப்பாட்டு கேட்கும். மனுஷர் பேசின சத்தம் ஒரு சொட்டு மிஞ்சாது. யாருக்கும் அதில் வருத்தமும் இல்லை, பாட்டுத்தானே முக்கியம். ஆனால் எங்கள் வீடியோக்காரன் பாட்டுப் போடுவதற்குள் கடையை மூடிவிட்டுக் கோலாலம்பூருக்குப் போய்விட்டான். எடுத்தபடியே கேசட்டை யாரிடமோ கொடுத்தனுப்பினான்.

வாடகைக்கு டிவியும் வீடியோவும் கொண்டுவந்து லயத்து ஆட்களோடு ஒரு முறை போட்டுப் பார்த்தார்கள். பாட்டு இல்லாத வீடியோவைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். அக்காவுக்கு ஒரே அவமானம். பாதியில் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள், படமும் அதோடு நின்றது, அந்தக் கேசட்டை அதற்குப் பிறகு யாரும் தொடவே இல்லை. லயத்து வீடுகளில் எத்தனையோ விசேஷம் நடந்தது, எத்தனையோ கேசட் இருந்தது. எல்லாவற்றிலும் அக்கா போகிறாள், வருகிறாள், பந்தி பரிமாறுகிறாள், வாய் திறக்கிறாள், யாரோ ஒரு பாடகி பாடுகிறாள். அவள் குரல் கிடைப்பதாக இருந்தால் இந்த ஒன்றில்தான்.

எனக்கே அக்காவின் குரல் மறந்துவிட்டிருந்தது. முகம் இருக்கிறது, கை இருக்கிறது, என்னைத் திட்டியதெல்லாம் வார்த்தை வார்த்தையாக ஞாபகம் இருக்கிறது. குரல் மட்டும் வரவில்லை. அது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. மச்சானிடம் சொல்லவில்லை.

பையைப் பிரித்துப் பார்த்தால் கேசட்டுக்குள் நாடாவின் ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. சிரம்பானில் கேசட்டை டிவிடி தட்டுக்கு மாற்றித் தருகிற கடை இருக்கிறது, கொடுத்துவிடலாம் என்றேன். மச்சான் மாட்டேன் என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. காரணம் கேட்டேன்.

"கடைக்காரன் பாட்டுப் போட்டுருவான்டா."

இந்தக் காலத்தில் யாரும் அப்படிச் செய்வதில்லை என்று எவ்வளவோ சொன்னேன். அவர் கேசட்டை மடியில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அப்புறம்தான் இன்னொன்றும் சொன்னார். இத்தனை வருஷம் கழித்து அவள் பேசப்போகிறாள், அதை முதலில் ஒரு கடைக்காரப் பையன் கேட்க வேண்டுமா என்றார். சரி, வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம், மெஷின் வாங்கலாம் என்று முடிவானது. என் ஞாயிறுகள் அன்றோடு போயின.

கடைகளில் மூன்று தினுசு இருந்தன. வெறும் தட்டில் பதிகிறது ஒன்று. கேசட் போடும் வாயும் தட்டு போடும் வாயும் சேர்ந்தே இருப்பது ஒன்று. உள்ளேயே ஹார்ட் டிஸ்க் வைத்தது ஒன்று. மச்சான் ஒவ்வொரு கடையிலும் மூன்றையும் தூக்கிப் பார்ப்பார், பின்னால் திருப்புவார், மூடியில் காதை வைத்துக் கேட்பார். விற்கிறவனுக்கு முதல் பத்து நிமிஷம் உற்சாகமாக இருக்கும், அப்புறம் வேறு ஆளைக் கவனிக்கப் போய்விடுவான். வெளியே வந்து காரில் ஏறினதும், முதலில் பார்த்த கடைக்கே போகலாம் என்பார்.

ஹார்ட் டிஸ்க்தான் அவரைப் பாடாய்ப் படுத்தியது. தட்டு என்றால் கையில் எடுக்கலாம், துடைக்கலாம், பெட்டியில் பூட்டலாம். இது உள்ளே எங்கேயோ இருக்கிறது, கண்ணால் பார்க்க முடியாது. பார்க்க முடியாத இடத்தில் உங்கள் அக்காவை எப்படிடா வைக்கிறது என்று கேட்டார். கேசட் வாயோடு இருப்பதை வாங்கிவிடுங்கள், கேசட்டை இந்தப் பக்கம் போட்டால் தட்டு அந்தப் பக்கம் வந்துவிடும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். அவரும் சம்மதித்துத் தலையாட்டினார். ஆனால் எல்லாக் கடையிலும் கடைசியில் ஒரே கேள்வி கேட்பார். மெஷின் ஓடும்போது இடி இடித்தால் என்ன செய்வது?

தோட்டத்தில் பிறந்து வளராதவர்களுக்கு இந்தக் கேள்வி விளங்காது. எங்கள் பக்கம் மத்தியானம் வெயில் கொளுத்தினால் சாயங்காலம் இடி நிச்சயம். முதல் உறுமலுக்கே லயம் முழுக்க பிளக்குகள் சுவரிலிருந்து கழன்றுவிடும். டிவி, ரேடியோ, ஐஸ் பெட்டி எல்லாம். டிவி முகத்துக்கும் நிலைக்கண்ணாடிக்கும் துணி போட்டு மூடுவார்கள். சமைத்துக்கொண்டிருந்தாலும், குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாலும், இடி என்றால் கை தானாகச் சுவருக்குப் போகும். நான் பாரோய்க்கு வந்து வீடு வாங்கி, இடிதாங்கி இருக்கிறது என்று தெரிந்தும், இன்னும் பிடுங்கிக்கொண்டுதான் இருக்கிறேன்.

கடை முதலாளியான ஒரு சீனத் தவுக்கே மட்டும் யோசித்துப் பதில் சொன்னார். பதிவாகும்போது பிளக்கைப் பிடுங்கினால் பதிந்தது போனாலும் போகும். பிடுங்காவிட்டால் மெஷினே போனாலும் போகும். அதனால் இடி இல்லாத நாளாகப் பார்த்துச் செய்யுங்கள் லா என்றார். மச்சான் அதைப் பிடித்துக்கொண்டார்.

முடிவை எடுத்துக் கொடுத்தது நாகூர் கனி பாய். சி ரூசாவில் கடற்கரைச் சாலையோரம் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். மச்சான் அந்தப் பக்கம் லோடு போகும்போதெல்லாம் அங்கேதான் தேத்தண்ணி. வாடிக்கையாளர்களுக்காகப் பந்தாட்டமும் நாடகமும் பதிந்து வைக்க, அவர் கடையில் ஹார்ட் டிஸ்க் பெட்டி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே பழைய வீடியோ மெஷின் தூசி படிந்து கிடந்தது. கேசட்டைக் கொண்டுபோய்க் காட்டினோம். பாய் கையைத் துடைத்துக்கொண்டு அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அண்ணே, இது ஒரு தடவ ஓடும். ரெண்டாவது தடவைக்கு நான் பொறுப்பில்ல. அந்த ஒரு தடவையில நேரா தட்டுல பதிஞ்சு, தட்டு கெட்டுப்போச்சுன்னா என்னா செய்வீங்க? மொதல்ல ஹார்ட் டிஸ்க்குல ஏத்துங்க. அப்புறம் பத்து தட்டு கெட்டாலும் கவலயில்ல."

இதுவரை நான் சொன்னதெல்லாம் தப்பு என்று ஆயிற்று. வாயை மூடிக்கொண்டு மீன்குழம்பைச் சாப்பிட்டேன். பாய் சொன்னது சரிதான். மச்சான் எழுந்து, கடையின் பெட்டிக்கு முன்னால் போய் நின்று, அதையே வெகுநேரம் பார்த்தார். பாய் தன் பழைய வீடியோ மெஷினையும் துடைத்துக் கட்டிக் கொடுத்தார். அன்று மாலையே ஹார்ட் டிஸ்க் வைத்த ரெக்கார்டர் வாங்கினோம்.

வாங்கினதோடு முடிந்ததா என்றால் இல்லை. பெட்டி வீட்டுக்கு வந்து ஓரமாக உட்கார்ந்துகொண்டது. மச்சான் வானத்தைப் பார்க்கத் தொடங்கினார். நான் ஒவ்வொரு ஞாயிறும் பாரோயிலிருந்து போவேன். மேற்கே ஒரு துண்டு மேகம் தெரிந்தால் இன்று வேண்டாம் என்பார். மேகமே இல்லாவிட்டால், இவ்வளவு புழுக்கமாக இருக்கிறதே, கட்டாயம் இடிக்கும், வேண்டாம் என்பார். வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்து தரையைத் தேய்த்தார். கல்யாணப் பத்திரிகை அடித்து வந்துவிட்டது. விமலா ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தாளே தவிர, நான் வரும்போதெல்லாம் என் முகத்தைத்தான் முதலில் பார்ப்பாள். எனக்கு அது தாங்கவில்லை. இந்த மனுஷர் நல்ல நாள் பார்த்துப் பார்த்தே பெண்ணை அப்படியே அனுப்பிவிடுவார் என்று பயந்தேன். ஒரு நாள் கத்தியே விட்டேன். அவர் திருப்பிக் கத்தவில்லை.

"அதுலயும் இல்லன்னா?" என்று மட்டும் கேட்டார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் பயந்தது இடிக்கு மட்டும் இல்லை. கேசட்டில் அவள் பேசாமலே இருந்துவிட்டால், இனித் தேட வேறு இடமே கிடையாது. போட்டுப் பார்க்காதவரை அவள் குரல் எங்கோ இருக்கிறது என்றாவது இருக்கும்.

ஒருவழியாக ஒரு ஞாயிறு வாய்த்தது. வாரம் முழுவதும் மழை கொட்டி ஓய்ந்து, வானம் துடைத்து வைத்த மாதிரி நீலமாக இருந்தது. காற்று குளிர்ச்சியாக அடித்தது. காலையிலேயே செய்துவிடலாம் என்று நானும் விமலாவும் பேசி வைத்துக்கொண்டு, அவர் லாரி கழுவப் போன நேரத்தில் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் வயர்களை எல்லாம் மாட்டி முடித்தோம். வந்து பார்த்தவர் வானத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் இல்லை. நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். டிவிக்கும் மெஷின்களுக்கும் சேர்த்து மாட்டிய பிளக் அவரிடமிருந்து ஒரு எட்டு தூரத்தில் சுவரில் இருந்தது. அதற்காகவே அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

ரெக்கார்டரில் பதிவைத் தட்டிவிட்டு, கேசட்டை ஓட விட்டேன். முதலில் வெறும் வெள்ளைக் கோடுகள். பிறகு படம் ஆடி ஆடி நின்றது. இதே கூடம், சுவரில் கலர்த்தாள் தோரணம். வீடியோக்காரனின் பெரிய விளக்கு வெளிச்சத்தில் எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பாட்டு இல்லை. பாத்திரச் சத்தம், யாரோ இருமுகிறது, பிள்ளைகள் கூச்சல் எல்லாம் அப்படியே கேட்டன. அத்தனை சத்தத்தில் அக்கா மட்டும் இல்லை. முதுகைக் காட்டிக்கொண்டு போனாள். தட்டு கொண்டுவந்து வைத்துவிட்டு யாரிடமோ தலையை ஆட்டினாள். வாயைத் திறந்தபோது பிள்ளைகள் கத்தினார்கள். விமலா என் கையைப் பிடித்துக்கொண்டு, இப்போது பேசினார்களா, இதுவா அம்மா, என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இல்லைம்மா, அது பக்கத்து வீட்டு மயிலம்மாள் என்றேன். படத்தின் ஓரத்தில் பூஞ்சை வெண்மையாக ஏறி ஏறி இறங்கியது. எந்த நிமிஷமும் நாடா அறுந்துவிடும் போலிருந்தது.

அக்கா கடைசியாக வந்து பாயில் உட்கார்ந்தாள். விமலாவைத் தூக்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். கேக்கில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். பிள்ளைகள் அடங்கினார்கள்.

அப்போது இடி இடித்தது. வீடு அதிருகிற மாதிரி ஒரு பேரிடி. அதற்கு மேலே ஒரு பெண் குரல் எழுந்தது, கொஞ்சம் கரகரப்பாக, அதட்டலாக.

"ஏங்க, இடி இடிக்குது. பாப்பா பக்கத்துல வயரு கெடக்கு. எந்திரிச்சுப் போயி பிளக்கப் புடுங்குங்க."

மச்சான் எழுந்தார். ஒரே எட்டில் சுவரிடம் போய் பிளக்கைப் பிடுங்கினார்.

டிவி அணைந்தது. ரெக்கார்டர் அணைந்தது. வீடியோ மெஷின் ஒரு முறை முனகிவிட்டு ஓய்ந்தது. மச்சான் கையில் வயரோடு நின்றார். நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். யாருக்கும் முதலில் ஒன்றும் உறைக்கவில்லை. அப்புறம் ஜன்னல் வழியே பார்த்தேன். வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது.

இடி கேசட்டில் இடித்தது. சொன்னது அக்கா. மச்சான் செய்தார்.

அவருக்கு அது விளங்கினபோது முகம் போன போக்கை என்னால் எழுத முடியவில்லை. வயரைக் கீழே போட்டுவிட்டு, கொன்னுட்டேன்டா, கொன்னுட்டேன்டா என்றார். விமலாதான் போய் அவரைப் பிடித்துக்கொண்டாள். நான் பிளக்கைத் திரும்பச் செருகினேன். வீடியோ மெஷினிலிருந்து கேசட் வெளியே வந்தபோது நாடா உள்ளேயே சிக்கி அறுந்திருந்தது. பாய் சொன்னபடி அந்த ஒரு தடவை முடிந்துவிட்டது. மிச்சம் ரெக்கார்டர்தான். அதன் முகத்தில் ஒரு சின்ன விளக்கு மட்டும் மினுக் மினுக் என்றது. டிவியில், பழைய பதிவைச் சரிசெய்கிறேன், காத்திருக்கவும், அணைக்க வேண்டாம் என்று இங்கிலீஷில் ஒரு வரி நின்றது. உள்ளே ஏதோ கரகரவென்று சுற்றியது. மச்சான் வாசலுக்கும் பெட்டிக்கும் நடந்தார், நானும் கூடவே நடந்தேன். எனக்கும் அன்று உட்கார முடியவில்லை.

வரி மறைந்தது. பதிவுப் பட்டியலில் ஒரே ஒரு படம் வந்து நின்றது. விமலா ரிமோட்டை வாங்கி அதைத் தட்டினாள்.

எல்லாம் இருந்தது. தோரணம், பாத்திரச் சத்தம், முதுகைக் காட்டிப் போகிற அக்கா, மெழுகுவர்த்தி, இடி. ஏங்க என்றாள் அக்கா. பாப்பா பக்கத்துல வயரு கெடக்கு என்றாள். படத்தின் ஓரத்தில், கறுகறுவென்று மீசை வைத்த ஒரு இளவட்டம் பாயிலிருந்து அவசரமாக எழுந்தான். அவன் முழுதாக நிமிர்வதற்குள் படம் நின்றது. வீடியோக்காரனின் விளக்கைப் பிடுங்க அன்று எழுந்ததும் அவர்தான்.

அக்கா பேசியது அவ்வளவுதான். விமலா அதைத் திரும்பத் திரும்பப் போட்டாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

"அம்மா என்னையப் பத்திதான் சொல்றாங்க மாமா. பாப்பான்னு என்னையத்தான்."

ஆமாம் என்றேன். குரல் எனக்கு மறந்திருக்கவே இல்லை. கேட்ட மாத்திரத்தில், அக்கா, இதோ என்று என் வாயில் வந்துவிட்டது.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. நானே தட்டில் பதிந்து, ஓடுகிறதா என்று பார்த்து, விமலாவின் பெட்டியில் வைத்து அனுப்பினேன். ரெக்கார்டர் மச்சானோடு இருக்கிறது. நிஜமான இடி இடிக்கும்போது முதலில் அதன் பிளக்கைத்தான் பிடுங்குகிறார், அப்புறம்தான் ஐஸ் பெட்டி.

போன மாதம் போயிருந்தேன். சாப்பிட்ட பிறகு அவராகவே அதைப் போட்டார். மெழுகுவர்த்தி ஏற்றும்வரை நாற்காலி விளிம்பில் இருந்தார். இடி இடித்தது, அக்கா சொன்னாள். அவர் எழுந்து சுவர்ப்பக்கம் போய், பிளக்கின் மேல் கையை வைத்துவிட்டு நின்றார். படம்தான் அங்கே தானாக நின்றுவிடுமே மச்சான், இன்னும் ஏன் எழுந்து ஓடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"அவ சொல்லும்போது உக்காந்துருக்க முடியுமாடா?" என்றார்.

பிறகு திரும்பி வந்து நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். நான் கிளம்பும்வரை எழவில்லை.